மாத்திரையின் அளவைக் கூட்டியும் டி.எஸ்.எச். ஏன் குறையவில்லை?

கேள்வி: ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கம் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். என் அத்தைக்கு, அதாவது கணவரின் தாயாருக்கு, வயது 61, எடை 60 கிலோ. தைராய்டு குறைவுக்காக நான்கு ஆண்டுகளாக மாத்திரை எடுக்கிறார். 100 மைக்ரோகிராமில் இருந்தபோது, தைராய்டு குறைந்தால் இரத்தத்தில் ஏறும் டி.எஸ்.எச். 11 என்று வந்ததால் 125 ஆக்கினார்கள். இருபது நாள் கழித்துப் பார்த்தால் 14. இப்போது 150 எடுக்கிறார். மறுபடியும் இருபதாவது நாள், போன வாரம், பார்த்ததில் 13. ஒரு நாளும் தவறாமல் காலை 5 மணிக்கு எழுந்ததும் காபியோடு மாத்திரையைப் போட்டுவிடுவார். எட்டு மணிக்குப் பலகாரத்தோடு கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் வயிற்றெரிச்சலுக்குப் பாண்டோப்ரசோலும் உண்டு. "வேலை செய்யாத மருந்தை ஆயுள் முழுக்க எதற்கு விழுங்க வேண்டும்?" என்று நிறுத்தப் பார்க்கிறார். மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டதால்தான் இப்படி என்றும் சிலர் சொல்கிறார்கள். எனக்கும் 50 மைக்ரோகிராம் மாத்திரை உண்டு. இப்போது நாள் தள்ளிப்போய், கர்ப்பம் என்று உறுதியாகியிருக்கிறது. குழந்தைக்கு ஆகாது, நிறுத்திவிடு என்கிறார்கள். அத்தைக்கு முழங்கால் வலியும் உண்டு. சந்தையில் ஒருவர் தரும் பழுப்பு நிறப் பொடியைச் சாப்பிட்டு ஒரு வருடமாக வலி குறைந்திருக்கிறது. முகம் மட்டும் உப்பிவிட்டது. அது தைராய்டால்தானே?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தப் பழுப்பு நிறப் பொடியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். உங்கள் வீட்டில் இப்போது முதலில் கவனிக்க வேண்டியது அதுதான்.

பெயரோ உட்பொருள் பட்டியலோ இல்லாமல் பொட்டலத்தில் மடித்துத் தரப்படும் மூட்டுவலிப் பொடி, சாப்பிட்ட ஓரிரு நாளிலேயே வலியை அறவே போக்கிவிடுகிறது என்றால், அதில் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கலாம் என்றே ஒரு ஹார்மோன் மருத்துவர் முதலில் நினைப்பார். அத்தையின் முகம் உப்பியதற்குத் தைராய்டு குறைவும் காரணமாகலாம். ஆனால் கன்னங்கள் நிலவுபோல் உருண்டு, கை கால்கள் மெலிந்து, வயிறு மட்டும் பெருத்து, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போய், புதிதாகச் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கூடியிருந்தால், அது ஸ்டீராய்டு விட்டுச்செல்லும் அடையாளம். இவற்றில் எவை அத்தையிடம் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள்.

ஸ்டீராய்டு தன்னளவில் கெட்ட மருந்து அன்று. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டபோது அவர் சில நாள்களிலேயே எழுந்து நடந்தார். அந்த வேலைக்காக பிலிப் ஹென்ச், எட்வர்ட் கெண்டல், டாடியூஷ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் அத்தைக்குக் கிடைத்திருக்கும் நிவாரணமும் அந்த வகையைச் சேர்ந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. வேறுபாடு என்னவென்றால், மருத்துவர் தரும் ஸ்டீராய்டுக்கு அளவும் காலமும் உண்டு, பொட்டலத்தில் வருவதற்கு இரண்டும் இல்லை.

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நாள்தோறும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. காய்ச்சலோ அடிபடுதலோ வந்தால் உடல் நிலைகுலையாமல் தாங்குவது அதனால்தான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு சில வாரங்களுக்கு மேல் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், இனி நாம் சுரக்கத் தேவையில்லை என்று அந்தச் சுரப்பிகள் ஓய்ந்துவிடும். ஓராண்டாக ஓய்ந்து கிடந்த சுரப்பி மறுபடியும் விழித்துக்கொள்ள மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே, இதைப் படித்த வேகத்தில் பொட்டலத்தைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, தலைச்சுற்றல் என்று தொடங்கி, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இரண்டு மூன்று நாள்களுக்குள், மீதமிருக்கும் பொடியையும் கையில் எடுத்துக்கொண்டு அத்தையை ஒரு பொது மருத்துவரிடமோ ஹார்மோன் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அவர் சோதித்துப் பார்த்து, பொடிக்குப் பதிலாக அளவு தெரிந்த மாத்திரையைக் கொடுத்து, அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார். இடையில் காய்ச்சலோ ஓயாத வாந்தியோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் போய்ச் சேர நேரம் பிடிக்கும் என்பதால், முதலில் பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையில் சலைன் ஏற்றி, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டுக்கொண்டு, பிறகு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். "ஓராண்டாக ஸ்டீராய்டு கலந்த பொடி சாப்பிட்டிருக்கக் கூடும்" என்ற செய்தியை வாசலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் மருத்துவர்களுக்கு நெடுநேரத்தை மிச்சப்படுத்தும்.

இதைத் தைராய்டுக்கு முன்னால் எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தைராய்டு ஹார்மோன் உடலில் கார்ட்டிசால் கரையும் வேகத்தைக் கூட்டும். அட்ரினல் ஓய்ந்திருக்கும் ஒருவருக்குத் தைராக்சின், அதாவது தைராய்டு சுரக்கும் அந்த ஹார்மோன், திடீரென அதிகமாக உள்ளே போனால், இருக்கிற கொஞ்சக் கார்ட்டிசாலும் தீர்ந்து நெருக்கடி வரலாம். கீழே நான் சொல்லப்போகும்படி மாத்திரையையும் காபியையும் பிரித்தால் அத்தையின் உடலில் தைராக்சின் அளவு கூடத்தான் போகிறது. எனவே அந்த மாற்றத்தையும் பொடியை நிறுத்துவதையும் நீங்களாகவே ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். முதலில் மருத்துவரிடம் போய் அட்ரினலைப் பற்றித் தெரிந்துகொண்டு, அவர் சொன்ன பிறகு காபியை மாற்றுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். என் கணிப்பில் அத்தையின் மருந்து வேலை செய்யாமல் இல்லை. அதில் பெரும் பகுதி இரத்தத்துக்கே போய்ச் சேரவில்லை.

அத்தை எடுக்கும் லெவோதைராக்சின், அதாவது மாத்திரையாக வரும் தைராக்சின், மிக நுண்ணிய அளவில் வேலை செய்யும் மருந்து. 100 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினால்கூட அதில் 60 முதல் 80 சதவீதம்தான் சிறுகுடல் வழியாக இரத்தத்தில் சேரும். வயிற்றில் வேறு எது இருந்தாலும் அந்தப் பங்கு மேலும் குறையும். தோட்டத்துக் காபியை வறுத்து, அரைத்து, டிகாக்‌ஷன் இறக்கிக் குடிக்கும் வீட்டில் காபியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சேர்வராயன் மலைக்காரர்களிடம் காபியை விடச் சொல்லவும் நான் வரவில்லை. ஆனால் தைராக்சினின் உறிஞ்சலைக் காபி குறைக்கிறது என்பது சோதித்து அறிந்த உண்மை. இத்தாலிய மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உங்கள் அத்தையைப் போலவே அளவைக் கூட்டியும் டி.எஸ்.எச். இறங்காதவர்களைப் பார்த்தார்கள். அவர்கள் மாத்திரையைக் காபியோடு சேர்த்தோ அடுத்த சில நிமிடங்களில் காபி குடித்தோ பழகியவர்கள். தண்ணீரோடு விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடிக்கச் சொன்னபோது நிலைமை சீரடைந்தது. நம் காபியில் பாலும் சேர்கிறது, பாலில் இருக்கும் கால்சியமும் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும் பொருள்தான்.

அடுத்தது எட்டு மணி மாத்திரைகள். கால்சியமும் இரும்பும் குடலுக்குள் தைராக்சினோடு பிணைந்து, கரையாத சேர்மமாக அதை வெளியே கொண்டுபோய்விடும். தைராய்டு மாத்திரைக்கும் இவற்றுக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அத்தைக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். இரும்பை மதியச் சாப்பாட்டுப் பக்கமும் கால்சியத்தை மாலைப் பக்கமும் தள்ளிவைத்தால் போதும், எதையும் நிறுத்த வேண்டியதில்லை. பாண்டோப்ரசோல் கொஞ்சம் வேறு வகை. தைராக்சின் மாத்திரை நன்றாகக் கரைய வயிற்று அமிலம் தேவை, அந்த அமிலத்தைத்தான் இம்மருந்து குறைக்கிறது. இடைவெளி விடுவதால் இது தீராது. அது இன்னும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூட்டுவலிப் பொடியே வயிற்றெரிச்சலுக்குக் காரணமாக இருந்திருக்கவும் கூடும்.

அதிகாலைக் காபியைத் தள்ளிப்போடுவது அத்தைக்கு இயலாது என்றால், மாத்திரையை இரவுக்கு மாற்றலாம். நெதர்லாந்தில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், படுக்கப் போகும்போது எடுத்தவர்களுக்குத் தைராய்டு அளவுகள் காலையில் எடுத்தவர்களைவிட நன்றாகவே இருந்தன. இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், கால்சியத்துக்கும் இரும்புக்கும் மேலே சொன்ன நான்கு மணி நேர இடைவெளி அப்போதும் வேண்டும். விடியற்காலை மூன்று மணிவாக்கில் சிறுநீர் கழிக்க எழும் வழக்கம் பெரியவர்கள் பலருக்கு உண்டு. கட்டில் அருகே ஒரு மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் முதல் நாளே எடுத்துவைத்தால், அந்த நேரத்தில் விழுங்கிவிட்டு ஐந்து மணிக் காபியை வழக்கம்போல் குடிக்கலாம். நான் அதிகம் விரும்புவது இந்த வழியைத்தான், ஏனென்றால் இதில் யாருடைய பழக்கத்தையும் பறிக்க வேண்டியிருக்காது.

மாத்திரைப் புட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். இம்மருந்துக்கு ஈரமும் வெப்பமும் வெளிச்சமும் ஆகா. மலையில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் மாதங்களில் மூடியைத் திறந்துபோட்டாலும், அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் வைத்தாலும் மாத்திரையின் வீரியம் குறையும்.

இப்போது, பலரும் தவறவிடும் இடம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குச் சுரப்பி முழுமையாகச் செயலிழந்துவிட்டாலும் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்கில் ஏறத்தாழ 100 மைக்ரோகிராம் போதும். அத்தை எடுப்பது 150. காபியையும் கால்சியத்தையும் தள்ளிவைத்த மறுநாளிலிருந்து அந்த 150-உம் ஒழுங்காக உள்ளே போகத் தொடங்கினால் அது அவருக்கு மிகையாகிவிடும். 61 வயதில் தைராக்சின் மிகையானால் நெஞ்சு படபடப்பும், ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் எனப்படும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் வரலாம், எலும்பும் தேயும். ஸ்டீராய்டு ஏற்கெனவே எலும்பை அரித்திருக்கக் கூடிய உடல் அது. ஆகவே நேரத்தை மாற்றும் அன்றே அளவையும் குறைக்க வேண்டும். எத்தனைக்குக் குறைப்பது என்பதை அவருடைய இதயத்தைச் சோதித்துப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். 100-க்கோ அதற்கும் கீழேயோ வருவார் என்று எதிர்பார்க்கிறேன். "இவ்வளவு நாள் காபியோடு எடுத்தார், இனித் தண்ணீரோடு எடுக்கப் போகிறார்" என்பதை மருத்துவரிடம் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். பரிசோதனைச் சீட்டில் அது இருக்காது.

இருபது நாளில் பரிசோதித்து அளவைக் கூட்டியதும் பொருந்தாது. தைராக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஏழு நாள் ஆகிறது. அளவை மாற்றினால் புதிய நிலை அமைய ஐந்து ஆறு வாரம் பிடிக்கும், டி.எஸ்.எச். அதன் பின்னாலேயே மெதுவாக வரும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்க்கும் முடிவே நம்பத்தக்கது. பயோட்டின் அடங்கிய முடி, நக வளர்ச்சி மாத்திரை எதையாவது அத்தை எடுத்தால், இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவைக்க வேண்டும். அது பரிசோதனை முடிவையே திரித்துக் காட்டும். இத்தனையும் செய்த பிறகும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்றால், இரைப்பையின் உட்சுவர் மெலிந்துபோதல், ஹெலிகோபாக்டர் என்னும் வயிற்றுக் கிருமியின் தொற்று, கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய் போன்றவற்றைத் தேட வேண்டும். அதற்கு அவசியம் வராது என்றே நினைக்கிறேன்.

மாத்திரையை நிறுத்திவிடலாம் என்ற எண்ணத்தை அத்தை கைவிடும்படி அவரிடம் நீங்கள்தான் பொறுமையாகப் பேச வேண்டும். நிறுத்திய அடுத்த நாளே எதுவும் தெரியாது, மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் குளிர் தாங்காமை, மலச்சிக்கல், மறதி, குரல் தடிப்பு என்று ஒவ்வொன்றாக வரும். நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை என்று நம்பவைப்பது அந்த இடைவெளிதான். மார்கழி, தை மாதத்து ஏற்காட்டுக் குளிரில் ஒரு சளிக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டால், நீண்ட நாள் கவனிக்கப்படாத தைராய்டு குறைவு நினைவிழப்பு வரை கொண்டுபோகக் கூடும். ஆயுள் முழுக்க மருந்தா என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்த மாத்திரையில் இருப்பது அவருடைய கழுத்துச் சுரப்பி நாற்பது ஐம்பது ஆண்டுகள் தானே தயாரித்துக்கொண்டிருந்த அதே பொருள். 1891-இல் ஜார்ஜ் மர்ரே என்னும் ஆங்கில மருத்துவர் ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டுத்தான் முதல் நோயாளியைக் காப்பாற்றினார். 1914-இல் அந்தச் சுரப்பியிலிருந்து தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தவர், மேலே கார்ட்டிசோனோடு நான் பெயர் சொன்ன அதே கெண்டல்தான். இல்லாமல் போனதை ஈடுசெய்யும் மருந்தை நோயைக் கொல்லும் மருந்தைப்போல் "போதும்" என்று ஒரு நாளில் முடித்துக்கொள்ள முடியாது.

மரவள்ளிக்கிழங்கைப் பற்றிய பேச்சில் உண்மை சிறிதளவு உண்டு. அதிலுள்ள சயனைடு சார்ந்த பொருள் உடலில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். அயோடின் குறைவான ஊர்களில், கிழங்கையே முக்கிய உணவாகக் கொண்டவர்களுக்கு அதனால் கழுத்துக் கழலை வந்ததுண்டு. அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீட்டில், நன்றாக வேகவைத்து எப்போதாவது உண்ணும் கிழங்கோ ஜவ்வரிசிப் பாயசமோ ஒன்றும் செய்யாது. அத்தைக்குச் சுரப்பியின் வேலையையே மாத்திரை பார்ப்பதால், தடுப்பதற்கும் அங்கே அதிகம் இல்லை. முட்டைக்கோசுக்கும் இதே பதில்தான்.

கடைசியாக உங்களைப் பற்றி. மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டுப் பெரியவர்கள் அக்கறையால்தான் சொல்கிறார்கள் என்றாலும் இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது குழந்தைக்கு எதிரானது. கருவின் தைராய்டு மூன்றாம் மாத முடிவில்தான் ஹார்மோன் செய்யத் தொடங்கும், போதுமான அளவு செய்ய ஐந்தாம் மாதம் ஆகும். அதுவரை குழந்தையின் மூளை வளர்வதற்கான தைராக்சின் உங்கள் இரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். உங்கள் தேவை கால் பங்குக்கு மேல் கூடும். கர்ப்பம் உறுதியானவுடன் வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதிலாக ஒன்பது, அதாவது இரண்டு நாள்களில் மட்டும் இரண்டிரண்டாக எடுப்பது, உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் வழக்கம். இந்த வாரமே டி.எஸ்.எச். பார்த்து, உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இதைக் கேட்டுத் தொடங்குங்கள். எண் 2.5-க்குக் கீழே இருப்பது நல்லது. கர்ப்பத்தின் பாதிவரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், ஏழாம் மாதத்தில் ஒருமுறையும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் அத்தைக்குச் சொன்ன அதே நான்கு மணி நேர விதி பொருந்தும். காலையில் குமட்டல் அதிகமாக இருந்தால் நீங்களும் இரவுக்கு மாறிக்கொள்ளலாம். ஒரே வீட்டில் 50-உம் 150-உம் ஒன்றுபோலத் தோன்றும் புட்டிகளில் இருப்பதால், மூடியில் ஆளுக்கொரு நிற நூலைக் கட்டி வேறு வேறு அறைகளில் வையுங்கள்.

பிரசவமானதும் பழைய 50-க்குத் திரும்பி, ஆறு வாரம் கழித்துப் பரிசோதித்தால் போதும். தாய்ப்பால் தடையில்லாமல் கொடுக்கலாம். குழந்தை பிறந்து மூன்றிலிருந்து ஐந்து நாள்களுக்குள் அதன் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். பிறவியிலேயே குறை இருந்து, இரண்டு வாரத்துக்குள் இதே மாத்திரையைத் தொடங்கிவிட்டால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். அவர்களாகச் செய்யாவிட்டால் நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.